கேட்கலாம், பேசக் கூடாது: ராமேஸ்வரம் கடலில் ஒரு கோடும் சில அலைவரிசைகளும்

இன்னைக்கு ஒரு எண்ணிலிருந்து ஆரம்பிக்கலாம். வடக்கே 9 டிகிரி 21.80 நிமிடம், கிழக்கே 79 டிகிரி 30.70 நிமிடம். வண்டி ஓட்டிக்கிட்டே கேட்கிறவங்க இதை மனசுல வச்சுக்கணும்னு அவசியமில்லை. கடைசியில் இருக்கிற அந்த புள்ளி எட்டு பூஜ்யம், புள்ளி ஏழு பூஜ்யம், அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க.

இது 1974 ஜூன் மாதம் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்தில் இருக்கும் ஒரு புள்ளி. பாக் ஜலசந்தியிலிருந்து ஆதாம் பாலம் வரைக்கும் ஆறு புள்ளிகள் வைத்து, அவற்றைக் கோட்டால் இணைத்தார்கள். நான் சொன்னது நாலாவது புள்ளி. ராமேஸ்வரத்துக்கு வடகிழக்கே, கச்சத்தீவுக்குப் பக்கத்தில் வருகிறது. கோடு கச்சத்தீவின் மேற்குக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மைல் தள்ளிப் போகிறது. அதனால்தான் தீவு அந்தப் பக்கம் போச்சு. கச்சத்தீவு அரசியலைப் பற்றி நிறையப் பேசியாச்சு, இன்னைக்கு அது வேண்டாம். எனக்கு அந்தத் தசமப் புள்ளிதான் விஷயம்.

அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். அப்போ நிமிடத்தில் நூறில் ஒரு பங்கு எவ்வளவு? சுமார் 18 மீட்டர். இரண்டு படகு நீளம்னு வச்சுக்கலாம். டெல்லியிலும் கொழும்பிலும் கையெழுத்துப் போட்டவர்கள் ஒரு கடல் எல்லையை 18 மீட்டர் நுணுக்கத்தில் எழுதிவிட்டார்கள். 1974-ல் ராமேஸ்வரத்திலிருந்து கிளம்பிய எந்தப் படகிலாவது அந்த 18 மீட்டரை அளக்கக் கருவி இருந்ததா? இல்லை. ஒரு மைலை அளக்கவே கருவி இல்லை.

அப்போ என்னதான் இருந்தது? காற்று இருந்தது. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்கே திசைப் பெயர் வைத்திருந்த ஆட்கள். ஆறாமீனும் விடிவெள்ளியும் இருந்தன. ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, இத்தனை பாகம் ஆழம், அடியில் சேறா மணலா என்று பார்த்து இடம் சொல்லும் பழக்கம் இருந்தது. பாக் விரிகுடா ஆழமில்லாத கடல், பெரும்பாலான இடங்களில் 15 மீட்டர்கூடக் கிடையாது. அதனால் இந்த முறை நன்றாகவே வேலை செய்தது. பகலில் கரை தெரிகிற தூரத்தில் கோயில் கோபுரம், பாம்பன் கலங்கரை விளக்கம். 90-களில் ராமேஸ்வரத்தில் தூர்தர்ஷன் 323 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோபுரம் எழுப்பியது, நாட்டிலேயே உயரமான டி.வி. கோபுரம். டி.வி. பார்க்கிறதுக்காகக் கட்டியது, கடலில் போகிறவனுக்கு அதுவும் ஒரு அடையாளமாச்சு.

இதெல்லாம் நல்ல அறிவு. ஆனால் இதை வைத்து ஒரு கோட்டைக் கண்டுபிடிக்க முடியாது. மீன் கிடைக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம், வீட்டுக்குத் திரும்பும் வழியைக் கண்டுபிடிக்கலாம். சேறு இந்தப் பக்கமும் அதே சேறு, அந்தப் பக்கமும் அதே சேறு.

1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் அடுத்த ஒப்பந்தம் வந்தது. அதோடு சேர்ந்த கடிதப் பரிமாற்றத்தில் ஒரு நாட்டு மீனவர் இன்னொரு நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்று எழுதியாச்சு. 1979-ல் இலங்கை வெளிநாட்டு மீன்பிடிப் படகுகளுக்குத் தனிச் சட்டமே போட்டது. ஆக, சட்டம் வந்துவிட்டது, எண் வந்துவிட்டது. எண்ணைப் பார்க்கும் கண் வரவில்லை. பிடிபட்டவர் "தெரியாம வந்துட்டோம்யா" என்று சொன்னால் அதை யாரும் பொய் என்று நிரூபிக்க முடியாது. உண்மை என்றும் நிரூபிக்க முடியாது.

சின்னதாக ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. ராமேஸ்வரம் ஏறக்குறைய 79 டிகிரி 19 நிமிடத்தில் இருக்கிறது. நேர் கிழக்கே போனால் கோடு 79 டிகிரி 31 நிமிடம் சொச்சத்தில். இடைவெளி சுமார் 12 கடல் மைல். அதில் கரையிலிருந்து முதல் 3 மைல் 1983-ம் ஆண்டு தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி நாட்டுப்படகுக்கானது, விசைப்படகு அங்கே மீன்பிடிக்கக் கூடாது. மிச்சம் 9 மைல். இழுவலை போட்டு ஓடுகிற ஒரு விசைப்படகுக்கு 9 மைல் என்பது ஒன்றுமே இல்லை. ராமேஸ்வரத்தில் நூற்றுக்கணக்கில் விசைப்படகுகள். எல்லாரும் அந்த ஒன்பது மைல் பட்டைக்குள் நிற்பார்கள் என்று எதிர்பார்த்த திட்டம் எந்த அறையில் உட்கார்ந்து போட்டதோ, அந்த அறைக்கு ஜன்னல் இருந்திருக்காதுன்னு நினைக்கிறேன்.

இப்போ வானத்துக்குப் போவோம். ராமேஸ்வரம், வானம் என்று சொன்னதும் எல்லாருக்கும் கலாம் ஐயா ஞாபகம் வரும். அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும், நான் வேறு பக்கம் போகிறேன்.

ஜி.பி.எஸ். அமெரிக்க ராணுவத்தின் சொத்து. 1983 செப்டம்பர் 1-ம் தேதி கொரிய விமானம் ஒன்று வழி தவறி சோவியத் வான்வெளிக்குள் போனது, சுட்டு வீழ்த்தினார்கள். 269 பேர் இறந்தார்கள். அதே மாதம் ரீகன் அரசு, ஜி.பி.எஸ். தயாரானதும் பொதுமக்களும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. எல்லை தெரியாமல் தாண்டிய ஒருவரைச் சுட்டதால்தான் இந்தக் கருவி பொதுமக்கள் கைக்கு வந்தது. பாக் விரிகுடாக்காரர்களுக்கு இந்தக் கதை புதுசா இருக்காது.

ஆனால் கொடுத்ததிலும் ஒரு உள்குத்து. பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்தார்கள். உங்கள் இடத்தைச் சொல்லும், 100 மீட்டர் வரைக்கும் தப்பாகச் சொல்லும். 2000-ம் ஆண்டு மே 2-ம் தேதி கிளிண்டன் அரசு அந்தப் பிழையை நிறுத்தியது. ஒரே ராத்திரியில் உலகத்தில் இருந்த எல்லா ஜி.பி.எஸ். கருவியும் பத்து, இருபது மீட்டர் துல்லியத்துக்கு வந்துவிட்டது. யாரும் புதுக் கருவி வாங்கவில்லை, யாரும் எதையும் திருப்பவில்லை.

பத்து, இருபது மீட்டர். 1974 ஒப்பந்தத்தின் கடைசி இலக்கம் 18 மீட்டர். காகிதத்தில் இருந்த நுணுக்கம் படகுக்கு வந்து சேர 26 வருஷம் ஆச்சு. என் கணக்கில் அந்தக் கோடு மீனவர் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது அந்த மே மாதத்துக்குப் பிறகுதான்.

கருவி விலை குறையக் குறையப் படகுகளில் ஏறியது. முதல் பயன் எல்லை பார்க்கிறது இல்லை, மீன் பார்க்கிறது. எந்தப் பாரில் மீன் நிற்கும் என்பது அதுவரைக்கும் தகப்பன் மகனுக்குச் சொல்கிற ரகசியம். இப்போ பார் ஒரு 'பாயிண்ட்' ஆகிவிட்டது. பட்டனை அழுத்தி சேமிக்கலாம், நண்பனுக்குக் கொடுக்கலாம், விற்கக்கூடச் செய்யலாம். வலை கிழிக்கும் பாறைகளையும் அப்படியே குறித்து வைத்துக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் நேர்மையாக ஒன்றைச் சொல்லணும். எல்லையைத் தாண்டாமல் இருக்க மட்டும் ஜி.பி.எஸ். பயன்படவில்லை. தாண்டுவதற்கும், தாண்டி ஒரு குறிப்பிட்ட இடத்துக்குப் போய் இருட்டிலேயே திரும்புவதற்கும் அது பயன்பட்டது. 2009-ல் போர் முடிந்து யாழ்ப்பாணம், மன்னார் பக்கத் தமிழ் மீனவர்கள் மறுபடி கடலுக்கு இறங்கினபோது, நம்ம இழுவலைப் படகுகள் அவர்கள் வலையை அறுத்துக்கொண்டு போவதுதான் அவர்களுடைய பெரிய புகார். 2017-ல் இலங்கை இழுவலையையே சட்டம் போட்டுத் தடை செய்தது. அதனால் "எங்களுக்கு எல்லை தெரியாது" என்ற வாதம் 2000-க்கு அப்புறம் பலவீனமாகிவிட்டது. படகில் இருக்கும் கருவியே சாட்சி. யாருக்குச் சாட்சி என்பதுதான் கேள்வி. கோட்டைத் தாண்டவே இல்லை, இந்தப் பக்கம் வந்து பிடித்தார்கள் என்று சொல்கிற மீனவரிடமும் அதே கருவிதான் இருந்தது. பிடித்தவர் கையில் படகு போகும்போது கருவியும் சேர்ந்தே போகிறது.

நான் இந்த எபிசோடுக்குக் கொடுத்த தலைப்புக்கு இப்போதான் வருகிறேன். ஜி.பி.எஸ். என்பது கேட்கிற கருவி. மேலே செயற்கைக்கோள் பேசுகிறது, கீழே பெட்டி கேட்கிறது. தான் எங்கே இருக்கிறோம் என்று படகுக்குத் தெரியும். மற்ற யாருக்கும் தெரியாது. எஞ்சின் நின்று கச்சான் காற்றில் கிழக்கே இழுத்துக்கொண்டு போகும்போது, கருவியில் எண் ஒவ்வொன்றாகக் கூடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். 79 டிகிரி 29, 30, 31. அதை யாரிடமாவது சொல்ல வேண்டுமென்றால் பேசுகிற கருவி வேண்டும். பேசுகிற கருவிக்கு உரிமம் வேண்டும்.

நம்ம ஊரில் ரேடியோ அலை சம்பந்தமாக ரொம்ப காலம் இருந்த சட்டங்கள் இரண்டு. ஒன்று 1885-ம் ஆண்டு தந்திச் சட்டம். இன்னொன்று 1933-ம் ஆண்டு கம்பியில்லாத் தந்திச் சட்டம். இரண்டும் வெள்ளைக்காரன் போட்டது. 1933 சட்டம் இன்னும் கறார். உரிமம் இல்லாமல் கம்பியில்லாத் தந்திக் கருவியை வைத்திருப்பதே குற்றம், பேச வேண்டிய அவசியம்கூட இல்லை. வீட்டு ரேடியோவுக்கே தபால் ஆபீஸில் பணம் கட்டி லைசென்ஸ் புத்தகம் வாங்கியதைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீங்க. 80-களில்தான் அது ஒழிந்தது.

ராமேஸ்வரம் கரையில் ரேடியோ என்றாலே ஒரு சிரிப்பு உண்டு. இந்தக் கரைக்காரர்கள் இலங்கை வானொலியில் சினிமாப் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள். இங்கிருந்து தூத்துக்குடி வானொலி நிலையத்தின் மத்திய அலை இலங்கைக்குக் கேட்கும். இன்றைக்கும் தனுஷ்கோடி அரிச்சல்முனையில் போய் நின்றால் சிலர் போனில் இலங்கை நெட்வொர்க் வந்துவிடுகிறது. அலை மட்டும் அந்த ஆறு புள்ளிகளை ஒருநாளும் மதித்ததில்லை.

கடலில் பேசுவதற்கு உலகம் முழுக்க ஒதுக்கியது வி.எச்.எஃப். அலைவரிசை. 16-வது சேனல், 156.8 மெகாஹெர்ட்ஸ், ஆபத்து அழைப்புக்கானது. அந்த அலை நேர்கோட்டில் போகும், பூமி வளைகிற இடத்தில் நின்றுவிடும். தாழ்வான படகில் 5 வாட் கையடக்க வாக்கி டாக்கி வைத்திருந்தால் சில மைல்தான். பக்கத்துப் படகுக்குக் கேட்கும், கரைக்குக் கேட்கும் என்ற உத்தரவாதமில்லை. அதற்கும் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு உரிமம் தரணும். பாம்பன் பக்கம் நாட்டுப்படகு வைத்திருப்பவர் டெல்லிக்கு விண்ணப்பம் போடும் காட்சியை நீங்களே கற்பனை பண்ணிக்கோங்க.

இந்தத் தயக்கத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1983-லிருந்து 2009 வரை எதிர்க்கரையில் போர். இந்தக் கரையில் வயர்லெஸ் செட்டோடு ஒருவரைப் பார்த்தால் போலீஸுக்கு முதலில் தோன்றுவது மீன் இல்லை. போர் முடிவதற்குச் சில மாதம் முன்னால், 2008 நவம்பரில், மும்பையைத் தாக்கியவர்கள் குபேர் என்ற குஜராத் மீன்பிடிப் படகைப் பிடித்து, ஜி.பி.எஸ்ஸும் சாட்டிலைட் போனும் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். மீனவருடைய படகு, மீனவருடைய கருவி. அதற்குப் பிறகு மீனவர்களுக்கு அடையாள அட்டை, படகுக்கு மாநில வாரியாக வண்ணம் எல்லாம் வந்தது. துராயா, இரிடியம் போன்ற சாட்டிலைட் போன்களுக்கு அனுமதியின்றித் தடை நீடித்தது. பாதுகாப்பு அமைப்புகள் பயந்ததில் தப்பில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கான விலையைக் கட்டியது நடுக்கடலில் பேச வழியில்லாமல் இருந்தவர்கள்.

எவ்வளவு விலை என்பது 2017 நவம்பர் கடைசியில் தெரிந்தது. ஒக்கிப் புயல். அது ராமேஸ்வரம் இல்லை, கன்னியாகுமரி, கேரளக் கடல். ஆழ்கடலில் நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இருந்தவர்களுக்குப் புயல் வருகிறது என்று சொல்ல வழியே இருக்கவில்லை. அவர்களிடம் ஜி.பி.எஸ். இருந்தது. எங்கே இருக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியும். என்ன வருகிறது என்று தெரியாது.

ஒக்கிக்கு முன்பே ஒரு முயற்சி இருந்தது. 2010 முதல் இஸ்ரோ வடிவமைத்த ஆபத்து அறிவிப்புக் கருவி புழக்கத்தில் இருக்கிறது. தீ, படகு மூழ்குகிறது, ஆள் கடலில் விழுந்துவிட்டார், மருத்துவ உதவி என்று பட்டன்கள். அழுத்தினால் படகு நிற்கும் இடம் செயற்கைக்கோள் வழியாகச் சென்னையில் கடலோரக் காவல்படையின் மீட்பு மையத்துக்குப் போகும். 20,000-க்கும் மேற்பட்ட கருவிகள் பயன்பாட்டில் இருப்பதாக இஸ்ரோ சொல்கிறது. இங்கே படகு பேசிவிட்டது. ஆனால் பதில் வராது. பட்டனை அழுத்திவிட்டு உட்கார்ந்திருக்கணும், கேட்டதா இல்லையா என்று தெரியாது. ஒக்கிக்குப் பிறகு 2019 அக்டோபரில் ஜெமினி என்ற கருவி வந்தது. ககன் செயற்கைக்கோள் சேவை வழியாக, ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையம் புயல் எச்சரிக்கை, மீன் கிடைக்கும் இடம் எல்லாம் அனுப்பும். இதில் படகுக்குக் கேட்கும், பேச முடியாது. ஒரு கருவிக்கு வாய் மட்டும், இன்னொன்றுக்குக் காது மட்டும். இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்த இரண்டாம் தலைமுறை ஆபத்துக் கருவியைப் பற்றி இஸ்ரோ அறிவித்தது 2024 ஜனவரியில். அதில் 'செய்தி கிடைத்தது' என்று பதில் வரும், செல்போனில் தமிழிலேயே படிக்கலாம்.

பேசவும் கேட்கவும் வைக்கிற இன்னொரு கருவிதான் டிரான்ஸ்பாண்டர். அதன் பின்னால் யாரும் மீனவரோடு சேர்த்துப் பேசாத ஒரு வழக்குக் கதை இருக்கிறது. 2005-ல் இஸ்ரோவின் வணிகப் பிரிவான ஆண்ட்ரிக்ஸ், தேவாஸ் என்ற தனியார் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. ஜிசாட்-6, ஜிசாட்-6ஏ என்று இரண்டு செயற்கைக்கோள், எஸ் பேண்டில் 70 மெகாஹெர்ட்ஸ். செல்போன்களுக்கும் வண்டிகளுக்கும் வீடியோ கொடுக்கிற திட்டம். 2ஜி விவகாரம் கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. ஏலமில்லாமல் அலைக்கற்றையைக் கொடுத்துவிட்டதாகப் பிரச்சினை கிளம்பி, 2011 பிப்ரவரியில் அரசு ஒப்பந்தத்தை ரத்து செய்தது. நாட்டின் பாதுகாப்புத் தேவைக்கு அந்த அலைக்கற்றை வேண்டும் என்பது சொன்ன காரணம். வழக்கு உலகம் முழுக்கச் சுற்றியது.

செயற்கைக்கோள் என்ன ஆச்சு? ஜிசாட்-6, 2015 ஆகஸ்ட் 27-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. வானத்தில் குடை மாதிரி விரிகிற 6 மீட்டர் ஆன்டெனா அதில் உண்டு. ஆன்டெனா பெரிசா மேலே இருந்தால் கீழே இருக்கிற கருவி சின்னதா இருக்கலாம், கொஞ்சம் மின்சாரம் போதும். படகுக்கு வேண்டியது அதுதானே. ஜோடியாகப் போன ஜிசாட்-6ஏ, 2018 மார்ச்சில் ஏவிய சில நாளில் தொடர்பு அறுந்து போனது. ஆக, வீடியோவுக்காகத் திட்டமிட்ட எஸ் பேண்டில் இன்றைக்கு மீன்பிடிப் படகின் குறுஞ்செய்தி போகிறது. ஒரு லட்சம் படகுகளுக்கு இலவசமாக டிரான்ஸ்பாண்டர் என்ற 364 கோடி ரூபாய்த் திட்டத்தைப் பிரதமர் 2024 ஆகஸ்ட் 30-ல் பால்கரில் தொடங்கி வைத்தார். எல்லையை நெருங்கினால் எச்சரிக்கும், ஆபத்தென்றால் செய்தி அனுப்பலாம், பதிலும் வரும்.

ஆனால் இதில் படகு வேறு ஒரு விதத்திலும் பேசிக்கொண்டே இருக்கிறது. எங்கே இருக்கிறேன் என்று மீன்வளத் துறைக்கு நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. பட்டனைத் தொடவே வேண்டாம். கோட்டைத் தாண்டினால் இங்கேயே தெரியும், டீசல் மானியம் போகுமோ என்ற கவலை படகுக்காரருக்கு. எனக்கு வருகிற கேள்வி வேறு. தாண்டாத படகைப் பிடித்துக்கொண்டு போனால், அந்தப் பதிவை எடுத்துக்கொண்டு அரசு மன்னார் நீதிமன்றத்திலோ ஊர்க்காவற்துறை நீதிமன்றத்திலோ போய் நிற்குமா? படகுக்காரர் தன் சொந்தப் படகின் தடத்தைக் கேட்டால் கையில் கொடுப்பார்களா? கண்காணிக்க ஒரு ஏற்பாடு செய்தால், அதே ஏற்பாட்டில் இதற்கும் ஒரு வழி வைக்கணும். 26 வருஷம் காத்திருந்து வந்த துல்லியம், ஒரு தரப்பு கையில் மட்டும் இருக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

சட்டமும் மாறியிருக்கிறது. 1885, 1933 சட்டங்களின் இடத்துக்கு என்று கொண்டுவந்ததுதான் 2023-ம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டம். பேரிடர் மேலாண்மை, உயிர் பாதுகாப்பு போன்றவற்றுக்கு ஏலமில்லாமல் அலைக்கற்றை ஒதுக்கலாம் என்று பட்டியலே போட்டிருக்கிறார்கள்.

முடிக்கிறதுக்கு முன்னால் பாம்பனுக்கு ஒரு நடை போயிட்டு வந்திடலாம். 1995-ல் உச்ச நீதிமன்றம் வான் அலைகள் பொதுச்சொத்து என்று தீர்ப்புச் சொன்னது. அதிலிருந்து மெதுவாக, 2006-ல் தொண்டு நிறுவனங்களும் சமுதாய வானொலி நடத்தலாம் என்று கொள்கை வந்தது. அந்த வாசல் வழியாக 2016 ஆகஸ்ட் 15-ல் பாம்பனில் தொடங்கியது கடல் ஓசை, 90.4 பண்பலை. மீனவர்களுக்காக மீனவர்களே நடத்துகிற வானொலி. காற்று எப்படி, அலை எப்படி, மீன் என்ன விலை, எல்லை தாண்டாதீங்க, வலையில் ஆமை மாட்டினா விட்டுடுங்க, எல்லாம் இந்த ஊர் வாய்மொழியில். அரசாங்கக் கருவிகள் எதுவும் இப்படிப் பேசாது.

சமுதாய வானொலிக்குப் பொதுவாக அனுமதி 50 வாட் டிரான்ஸ்மிட்டர். பத்து, பதினைந்து கிலோமீட்டருக்குத் தெளிவாகக் கேட்கும். கடல் மேலே தடையில்லாததால் இன்னும் கொஞ்சம் போகலாம். பாம்பனிலிருந்து நேர் கிழக்கே அந்தக் கோடு முப்பது கிலோமீட்டருக்கும் மேலே. எல்லைக்குப் போகாதீங்க என்று ஊர்க்காரர் குரல் சொல்லிக்கொண்டே இருக்கிறது, படகு கிழக்கே போகப் போக இரைச்சல் கூடி, எல்லை வருவதற்கு ரொம்ப முன்னாலேயே குரல் நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் ஜி.பி.எஸ். திரையில் எண் மட்டும் ஓடும்.